மாரிக்குப்பத்தில் முதலில் இறங்கியவர்கள்

2024-இல் ‘தங்கலான்’ வெளிவந்தபோது இளைய தோழர்கள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா? படத்தின் மாயத்தையும் பாம்புகளையும் ஒதுக்கி வைப்போம். ஆவணத்தில் இருப்பதே நமக்குப் போதும்.

1802. திப்பு வீழ்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மைசூரின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், கோலார் பக்கத்து மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேள்விப்படுகிறார். காட்டுபவருக்குப் பரிசு என்றதும் உரிகம் ஊர்க்காரர்கள் மாட்டுவண்டியில் மண்ணை ஏற்றிவந்து, அவர் கண்ணெதிரே அலசித் தங்கத் துகளைக் காட்டினார்கள். அடுத்து அவர் மாரிக்குப்பம் போனார். அங்கே மண்ணிலிருந்து அல்ல, கல்லிலிருந்தே தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவர்கள் பறையர்கள். வாரன் பார்த்த குழிகளில் ஒன்று சுமார் 30 அடி ஆழம், மற்றொன்று 45 அடி. உடைத்த கல்லைக் கூடையில் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மேலே பெண்கள் அதைப் பெரும் பாறையில் வைத்து இடித்துத் தூளாக்கினார்கள். பிறகு நீரில் அலசிப் பொன்னைப் பிரித்தார்கள்.

வெடிமருந்து இல்லை, எந்திரம் இல்லை. ஆனால் எந்தக் கல்லைப் பின்தொடர்ந்து இறங்க வேண்டும் என்ற அறிவு இருந்தது. இதைத்தான் இன்றைய உலக நிறுவனங்கள் ‘கைமுறைச் சிறு சுரங்கம்’ என்று சொல்லி, அதைப் ‘பொறுப்புள்ளதாக’ மாற்ற வேண்டும் என்கின்றன. அந்த அறிவும் தொழிலும் மாரிக்குப்பத்தில் யாரிடம் இருந்தன என்பதை வாரனே எழுதி வைத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். விபத்துகளைக் காரணம் காட்டி 1859-இல் நிலத்தடிக் குழி தோண்டுவது தடை செய்யப்பட்டது. 1871-இல் பெங்களூரில் இருந்த மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் முன்னாள் சிப்பாய், வாரனின் பழைய அறிக்கையைப் படித்துவிட்டுக் கோலாருக்கு வருகிறார். விண்ணப்பம் போடுகிறார். 1875-இல் 20 ஆண்டுக்கான உரிமம் அவர் கையில். நம்மவர்கள் இறங்கிக் காட்டிய குழி அறிக்கையானது, அறிக்கை உரிமமானது. அறிக்கையில் இருந்தவர்களுக்கு உரிமத்தில் இடமில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் நம் மக்கள் கூலிகளாக அதே பாறைக்குள் இறங்கினார்கள்.

1897-இல் மைசூர் சமஸ்தானம் சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. கணக்குச் சொல்ல முடியாத தாதுக்கல் ஒன்று கையில் இருந்தாலே குற்றம். ஒரு காலத்தில் தொழில், இப்போது திருட்டு! 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குப் பின்னால் இந்த அவமானமும் இருந்தது என்றே நாம் நினைக்கிறோம்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம், 800 டன் அளவுக்குத் தங்கம், சிலிக்கா தூசியில் கெட்ட நுரையீரல்கள். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். சயனைடு மண்மேடுகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன.

வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா? கொலம்பியாவின் சோக்கோ பகுதியைப் பாருங்கள். அங்கே தங்கம் அலசுவோர், அந்தத் தங்கத்துக்காகவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1993-இல் வந்த 70-ஆம் சட்டம் கறுப்பினச் சமூகங்களுக்குக் கூட்டு நில உரிமை கொடுத்தது. அதற்குப் பிறகுதான், டாடோ, கொண்டோட்டோ ஊர்களில் ‘ஓரோ வெர்தே’, அதாவது பச்சைத் தங்கம், என்ற திட்டம் எழுந்தது. பாதரசம் கிடையாது; இலைச்சாறு விட்டுத் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். சந்தை விலைக்கு மேல் கூடுதல் தொகையும் கிடைத்தது. இன்று உலகம் பேசும் ‘நியாயமான தங்கம்’ சான்றிதழ்களுக்கு இது ஒரு முன்னோடி. இங்கே வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நிலம், அதன் பிறகே சான்றிதழ்.

நம் நாட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஜார்கண்டின் கோடர்மா, கிரிடீ மாவட்டங்களின் அபிரகம் அழகுசாதனப் பொருளிலும் கார் பெயிண்டிலும் மின்னுகிறது. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு உரிமம் பெற்ற சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, ஆனால் அபிரகம் வெளியே போவது நிற்கவில்லை. தலித், ஆதிவாசிக் குடும்பங்கள் பழைய குழிகளில் ‘திப்ரா’ எனும் சிதறல்களைப் பொறுக்குகின்றன. குழி சரிந்து குழந்தைகள் செத்ததை 2016-இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. மறு ஆண்டே பன்னாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து பொறுப்புள்ள அபிரகத்துக்காக ஓர் அமைப்பைத் தொடங்கின.

குழந்தைகள் பள்ளிக்குப் போகட்டும், அதை நாம் ஏன் மறுக்கப்போகிறோம்? ஆனால் ஊர் ஊராக ஆய்வு நடந்த பிறகும், பொறுக்கும் அந்தப் பெண் சட்டத்தின் கண்ணில் திருடிதான். திருட்டுப் பொருளுக்கு அவள் எப்படி விலை பேசுவாள்? வாங்கும் தரகன் சொன்னதுதான் விலை. விற்க மாட்டேன் என்று கூடையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனாலும் வனத்துறைக்காரன் கேட்பான்.