டை கட்டாத ஜப்பான்

டோக்கியோவில் கோடை என்றால் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து வாட்டும். ஆனாலும் ஒரு காலத்தில் அலுவலகம் போகும் ஆண்கள் கோட், டை இல்லாமல் போக மாட்டார்கள். மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயம்தான்!

1979 எண்ணெய் நெருக்கடியின்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அரைக்கை கோட். பிரதமர் ஒஹிராவே அதைப் போட்டுக் காட்டினார். பார்க்க வேடிக்கையாக இருந்ததால் மக்களிடம் எடுபடவில்லை.

2005 ஜூன் மாதம் 'கூல் பிஸ்' திட்டம் வந்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே முன்னின்று நடத்தினார். அலுவலக ஏசி 28 டிகிரி. கோட்டும் டையும் வேண்டாம். அவ்வளவுதான். பிரதமர் கொய்சுமி ஒகினாவா பாணி அரைக்கைச் சட்டையில் வந்தார். டை தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் திட்டம் நிலைத்தது.

2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் மின்சாரப் பற்றாக்குறை வந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகம் போலோ சட்டை, பூப்போட்ட அலோஹா சட்டையைக்கூட அனுமதித்தது.

1979இல் குறைத்தது கோட்டின் கையை மட்டும்தான். கோட் போட்டால்தான் மரியாதை என்ற எண்ணம் அப்படியே இருந்தது. 2005இல் அந்த எண்ணத்திலேயே கை வைத்தார்கள். இஸ்திரி போட்ட நல்ல சட்டை ஒன்றே போதும் என்றானது.