தலைமதகும் கடைக்கோடியும்: கல்லோயாக் கமக்காரர்கள் காட்டிய கிராமப் பங்காளித்துவம்



எமது கிராமங்களில் நாளாந்தம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. வீதி குன்றும் குழியுமாகக் கிடந்தால், "பிரதேச சபை என்ன செய்கின்றது?" என்று கேட்கின்றோம். வடிகான் அடைத்துக்கொண்டால், "கிராம உத்தியோகத்தர் வந்து பார்த்தாரா?" என்று கேட்கின்றோம். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால், "நீர்ப்பாசனத் திணைக்களம் தூங்குகின்றது" என்கின்றோம். இக்கேள்விகள் யாவும் நியாயமானவையே. வரி செலுத்தும் குடிமக்களுக்கு அரசிடம் கேட்கும் உரிமை உண்டு. ஆயினும் இன்னுமொரு கேள்வியை நாம் அரிதாகவே கேட்கின்றோம். அந்த வாய்க்காலின் இரு மருங்கிலும் வாழ்கின்ற நாம் ஒருவரோடொருவர் அமர்ந்து பேசினோமா?

கிராமத்தின் தேவைகளை மக்களும் அரசும் தோளோடு தோள் நின்று நிறைவேற்றுவதையே இன்று பங்காளித்துவம் என்று அழைக்கின்றனர். சொல் புதியது. செயல் மிகப் பழையது. இலங்கையில் அது எவ்வாறு இருந்தது, எவ்வாறு சிதைந்தது, பின்னர் எமது கிழக்கு மண்ணிலேயே எவ்வாறு மீண்டும் துளிர்த்தது என்பதைச் சற்று நோக்குவோம்.

குளத்தைச் சுற்றி உருவான ஒழுங்கு

இலங்கையின் உலர் வலயத்தில் கிராமம் என்றால் குளம்; குளம் என்றால் கூட்டுப் பொறுப்பு. எவருக்கு எத்தனை பங்கு வயல் இருந்ததோ, அத்தனை பங்கு குளக்கட்டையும் அவரே திருத்த வேண்டும். வேலியும் அவ்வாறே பங்கிடப்பட்டது. ஒருவர் தமது பங்கு வேலியை அடைக்காது விட்டால், அவ்வழியாக மாடு புகுந்து ஊராருடைய பயிர் முழுவதையும் மேய்ந்துவிடும். ஆகவே ஒருவரின் அலட்சியம் அவரோடு நிற்பதில்லை என்பதை அன்றைய கமக்காரன் நன்கு அறிந்திருந்தான்.

வரட்சிக் காலத்தில் பெத்ம என்னும் வழக்கம் கைக்கொள்ளப்பட்டது. குளத்தில் நீர் குறைவாக இருக்கும் போகத்தில், மதகுக்கு அண்மையிலுள்ள வயற்பரப்பு மாத்திரம் செய்கைக்கு எடுக்கப்படும். அந்தப் பரப்பு யாருடைய சொந்தமாயினும், அப்போகத்துக்கு ஊரிலுள்ள பங்காளர் அனைவருக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். சிந்தித்துப் பாருங்கள். தன் சொந்த வயலை, தண்ணீர் இருக்கும் வேளையில், அயலவனுக்கு ஒரு போகம் விட்டுக் கொடுப்பது இலேசான காரியமா? வற்றிய குளத்தின் முன்னால் ஊரில் ஒருவரும் பட்டினி கிடக்கலாகாது என்ற தீர்மானமே அவ்வழக்கத்தின் அடித்தளமாகும்.

நீர் பங்கிடுவதையும் வாய்க்கால் துப்புரவையும் மேற்பார்வை செய்தவரைச் சிங்களக் கிராமங்களில் வெல் விதானை என்றனர். கிழக்கிலே அவர் வட்டை விதானை எனப்பட்டார். அறுவடையின்போது கமக்காரர் தமது நெல்லில் ஒரு பங்கை அவருக்கு அளந்து கொடுத்தனர். தமக்குப் படியளப்பவர் யார் என்பது அவருக்குத் தெரியும். தமக்காக உழைப்பவர் யார் என்பது மக்களுக்கும் தெரியும்.

பொறுப்பு கைமாறிய கதை

பிரித்தானியர் ஆட்சியில், கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து, 1832ஆம் ஆண்டு இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தின் கொடுமை நீங்கியது நல்லதே. ஆனால் அதே முறையின் கீழ்தான் குளங்களும் வாய்க்கால்களும் பராமரிக்கப்பட்டு வந்தன. பழைய கட்டாயம் போயிற்று. அதன் இடத்தில் புதிய ஒழுங்கு எதுவும் வைக்கப்படவில்லை. விளைவு என்ன? கட்டுகள் உடைந்தன. குளங்கள் தூர்ந்தன.

கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே ஆட்சியாளர் அதனை உணர்ந்தனர். 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டு வரப்பட்டது. நெல் வயல்களின் நீர் குறித்த பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்டுவதே அதன் நோக்கம். கிழக்கிலே இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் வோர்டின் காலத்திலேயாகும். பின்னர் 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம், கிராமக் குழுக்கள் தமது ஊரின் வீதி, குளம், வேலி ஆகியவை பற்றித் தாமே விதிகளை ஆக்கிக்கொள்ள இடமளித்தது. மக்களின் கையிலிருந்து நழுவியதை மக்களிடமே திருப்பிக் கொடுக்காமல் காரியம் ஆகாது என்பதை அந்நிய ஆட்சியும் ஓரளவு ஒப்புக்கொண்டது.

சுதந்திரத்தின் பின்னர் 1958ஆம் ஆண்டு, அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டு வந்த நெற்காணிச் சட்டம், வெல் விதானைப் பதவியின் இடத்தில் கமக்காரர் தாமே தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 1970களில் அக்குழுக்கள் நியமனத்தின் மூலம் அமைக்கப்படலாயின. நியமனம் வந்தபோது கட்சியும் உடன் வந்தது. தாம் தெரிவு செய்யாத குழுவின் சொல்லுக்கு மக்கள் கட்டுப்படவில்லை. 1981ஆம் ஆண்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் உருவானதோடு, கிராமச் சபைகளும் இல்லாது ஒழிந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது உண்மையே. எனினும் அவை பல கிராமங்களை ஒன்றாக இணைத்த பெரிய சபைகள். ஒற்றைக் கிராமம் தனக்கென அமர்ந்து பேசும் சட்டபூர்வமான இடம் சுருங்கிவிட்டது.

கல்லோயாவில் நிகழ்ந்தது

அன்பார்ந்த வாசகர்களே! கிராமச் சபைகள் ஒழிந்த அதே 1981ஆம் ஆண்டில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் அதற்கு நேர்மாறான ஒரு முயற்சி ஆரம்பமாயிற்று.

கல்லோயாத் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. கரையோரத்து முஸ்லிம், தமிழ்க் கிராமங்கள் பலவற்றின் வயல்களும் அந்த நீரையே நம்பியுள்ளன. புதிய குடியேற்றங்களில் பெரும்பாலும் சிங்கள மக்கள் குடியமர்த்தப்பட்டனர். 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கில் இனக்கலவரமும் மூண்டது. ஆகவே அங்கு தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கவில்லை. அதில் இனத்தின் கசப்பும் கலந்திருந்தது.

இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர்; கடைக்கோடியில் தமிழ் பேசும் கமக்காரர். தலைப்பகுதியில் உள்ளோர் தேவைக்கு மேல் நீரைப் பாய்ச்சினர். கடைக்கோடிக்குச் சிறுபோகத்தில் நீர் போய்ச் சேருவதே அரிதாயிற்று. மதகுகள் பல உடைந்தும் காணாமற் போயும் இருந்தன. வாய்க்கால்களில் புல்லும் சேறும் மண்டிக் கிடந்தன. உத்தியோகத்தர் கமக்காரரைக் குறை கூறினர். கமக்காரர் உத்தியோகத்தரைக் குறை கூறினர். நாட்டிலேயே மிக மோசமான நிலையிலுள்ள பெருந்திட்டம் என்ற பெயர் கல்லோயாவுக்கு ஏற்பட்டிருந்தது.

இந்நிலையில் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. நோர்மன் அப்ஹொப் என்ற பேராசிரியர் அதில் முக்கிய பங்கு வகித்தார். வாய்க்கால் திருத்த ஒதுக்கிய பணத்தோடு மாத்திரம் நில்லாது, மக்களை ஒன்று சேர்ப்பதற்கென்றே இளம் பட்டதாரிகள் பயிற்றப்பட்டு, கமக்காரரின் மத்தியில் தங்கி வாழ அனுப்பப்பட்டனர்.

அவர்கள் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. வந்தவுடன் கூட்டம் கூட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவு செய்யவில்லை. வீடு வீடாகச் சென்று பேசினர். ஒரு சிறு வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து கமக்காரரைச் சேர்த்து, "எவரது உதவியும் இன்றி நாமே இப்போது செய்யக்கூடிய வேலை எது?" என்று கேட்டனர். பெரும்பாலும் அது வாய்க்கால் துப்புரவாகவே இருந்தது. முதலில் வேலை, அதன் பின்னரே அமைப்பு. வேலையில் எவர் பொறுமையோடும் நீதியோடும் நடந்துகொண்டாரோ, அவரையே பின்னர் பிரதிநிதியாகத் தெரிவு செய்தனர். அதிலும் வாக்கெடுப்பை நாடாது, யாவரும் ஏற்கும் ஒருவர் கிடைக்கும்வரை பேசியே முடிவு செய்தனர். அப்பிரதிநிதிகளுக்குச் சம்பளம் கிடையாது.

1981 சிறுபோகத்தில் சமுத்திரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு நீரே இருந்தது. சண்டை மூளும் என்று எதிர்பார்க்கக்கூடிய நேரம் அது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். சில வாரங்களுக்குள்ளேயே கமக்காரர் வருடக்கணக்காகத் துப்புரவு காணாத வாய்க்கால்களைத் தாமே வெட்டினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். தலைப்பகுதியிலுள்ள பலர் தமக்குரிய நீரில் மிச்சம் பிடித்துக் கீழே உள்ளவர்களுக்கு விட்டுக் கொடுத்தனர். கீழே இருந்தவர் வேற்று மொழி பேசுபவர் என்பது அதற்குத் தடையாக அமையவில்லை.

பின்னர் சிறு வாய்க்கால் குழுக்கள் கிளை வாய்க்கால் அமைப்புகளாகவும், அவை பிரதேச மட்ட அமைப்புகளாகவும் வளர்ந்தன. உயர்மட்டக் குழுவில் பொறியியலாளர்களுடன் கமக்காரரின் பிரதிநிதிகளும் சரிசமமாக அமர்ந்து பேசினர். களத்திலிருந்த பட்டதாரிகள் பலர் நிரந்தர நியமனம் இல்லாமையால் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். எனினும் அமைப்புகள் அவர்களோடு போய்விடவில்லை.

அதற்குச் சான்று 1997ஆம் ஆண்டாகும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில் மீண்டும் நீர் குறைந்தது. இடதுகரையில் 15,000 ஏக்கருக்கு மாத்திரமே நீர் போதும் என்று திணைக்களம் கணித்தது. கமக்காரர் அமைப்புகளோ உள்ள நீரை யாவருக்கும் பகிர்ந்து, சிக்கனமாகப் பாய்ச்சி, ஏறத்தாழ 65,000 ஏக்கரிலும் செய்கை பண்ணின. விளைச்சலும் குறையவில்லை. 15,000 ஏக்கர் என்ற தீர்மானம் அப்படியே நிறைவேறியிருந்தால், தண்ணீர் எந்தப் பக்கத்தில் நின்றிருக்கும், எந்தப் பக்கத்தில் அடுப்பு எரியாதிருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வனுபவம் கல்லோயாவோடு முடிந்துவிடவில்லை. 1988ஆம் ஆண்டு பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களைக் கமக்காரருடன் சேர்ந்து நிர்வகிப்பது அரசாங்கக் கொள்கையாயிற்று. 1991ஆம் ஆண்டு கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் அவற்றுக்கு இடமளிக்கப்பட்டது.

எமக்குரிய பாடங்கள்

முதலாவது: கட்டாயத்தால் மாத்திரம் நடந்த ஒழுங்கு, கட்டாயம் நீங்கியதும் சரிந்தது. நியமனத்தால் மாத்திரம் வந்த குழுவும் மக்களின் நம்பிக்கையைப் பெறவில்லை. ஒரு குழுவின் வலிமை அதன் கடிதத்தலைப்பில் இல்லை; அதன் உறுப்பினரை ஊரார் ஏற்றுக்கொள்வதிலேயே இருக்கின்றது.

இரண்டாவது: சிறிய வட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் பதினைந்து பேருக்கு ஒருவரையொருவர் தெரியும். எவர் வந்தார், எவர் வரவில்லை என்பதும் தெரியும். அங்கே வெட்கமும் வேலை செய்யும். அன்பும் வேலை செய்யும். எமது ஊர்களில் மரண உதவிச் சங்கங்களும் பள்ளிவாசல் ஜமாஅத்துகளின் மஷூராவும் நிலைத்து நிற்பதற்கும் இதுவே காரணமாகும்.

மூன்றாவது: மக்கள் உழைப்பது அரசின் கடமையை நீக்கிவிடாது. பெரிய அணையையும் பிரதான மதகையும் மண்வெட்டியால் திருத்த முடியாது. அதற்கு அரசின் பணமும் பொறியியலாளரின் அறிவும் வேண்டும். "நீங்களே செய்து கொள்ளுங்கள்" என்று அரசு கைகழுவுவதும் பிழை. "அவர்களே செய்யட்டும்" என்று மக்கள் கைகட்டி நிற்பதும் பிழை. தன் பங்கைச் செய்து முடித்தவன் உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கேட்கின்றான். அவனது கேள்விக்குக் கனம் உண்டு.

நான்காவது: தலைப்பகுதியில் இருப்பவரின் பொறுப்பே பெரிது. மதகு எவர் கையில் இருக்கின்றதோ, விட்டுக் கொடுக்க வேண்டியவரும் அவரே. வாய்க்காலில் மாத்திரமல்ல, குழாய்நீர் முதலில் வந்து சேரும் தெருவிலும், வீதிவிளக்கு முதலில் எரியும் சந்தியிலும், அரச உதவிப் பட்டியல் முதலில் கிடைக்கும் வீட்டிலும் ஒரு தலைமதகு உண்டு.

அன்பின் வாசகர்களே! உங்கள் கிராமத்தில் கடைக்கோடி எது என்று நீங்கள் அறிவீர்கள். தண்ணீர் போய்ச் சேராத ஒழுங்கையையும், பெயர் விடுபட்டுப் போகும் குடும்பத்தையும், அயலில் வாழும் மாற்று மொழிச் சகோதரனின் வயலையும் நீங்கள் அறிவீர்கள். இந்த வாரத்திலேயே உங்கள் ஒழுங்கையிலுள்ள பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, எவரது உதவியும் இன்றிச் செய்யக்கூடிய ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள். அதைச் செய்து முடியுங்கள். அதன் பின்னர் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச சபையிடமும் சென்று, எஞ்சிய வேலையைக் கேளுங்கள். செல்லும்போது கடைக்கோடியில் வாழும் ஒருவரையும் உங்களுடன் அழைத்துச் செல்லுங்கள். முதலில் அவர் பேசட்டும்.