திருநெல்வேலிச் சுதேசி இயக்கத்தில் விடுதலைக் கருத்து

திருநெல்வேலிச் சுதேசி இயக்கம் என்பது 1906 முதல் 1911 வரை அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாகத் தூத்துக்குடியை மையமாகக் கொண்டு நடைபெற்ற அரசியல், பொருளாதார இயக்கம் ஆகும். இதன் முதன்மைத் தலைவர் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம்பிள்ளை (1872–1936). எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) இதழ் வழியாகவும், சுப்பிரமணிய சிவா மேடை வழியாகவும் இதற்குத் துணை நின்றனர். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் ஆகிய இரண்டு ஊர்களும் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலப் பகுதியில் உள்ளவை.

ஆட்சி கைமாறுவதை மட்டுமே இவ்வியக்கம் விடுதலை என்று கொள்ளவில்லை. பிறர் தயவின்றி வாழ்வதற்கான வழிகளைத் தமக்கென உடைமையாகப் பெறுவதும், உழைப்பவர் தமக்குரிய பங்கைப் பெறுவதும் அதன் பகுதிகளாகக் கருதப்பட்டன. இயக்கம் ஐந்தாண்டுகளில் ஒடுக்கப்பட்டது. எனினும், விடுதலை என்பது என்ன, அதற்கு என்னென்ன தேவை என்ற கேள்விகளுக்குத் தமிழகம் நடைமுறையில் விடை தேடிய தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக இது விளங்குகிறது.

சொற்பொருள்

தமிழில் இக்கருத்தைக் குறிக்க விடுதலை, சுதந்திரம் ஆகிய இரு சொற்கள் பெரிதும் வழங்குகின்றன. "விடு" என்னும் வினையடியாகப் பிறந்த விடுதலை, ஒரு கட்டிலிருந்து நீங்குவதைக் குறிக்கும். சிறையிலிருந்து வெளிவருவதும், ஒரு சொத்தின் மீதான உரிமைக் கோரிக்கையைக் கைவிட எழுதித் தரும் "விடுதலைப் பத்திரமும்" இப்பொருளில் அமைந்தவை.

சுதந்திரம் என்னும் வடசொல் தற்சார்பு என்று பொருள்படும். ஆனால் தமிழக ஊர்களில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் இருந்தது. அறுவடையின்போது களத்தில் தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவல்காரர் முதலியோருக்கு அளந்து தரப்பட்ட தானியப் பங்கும் "சுதந்திரம்" எனப்பட்டது. அது வேண்டிப் பெறும் கொடையாகவன்றி, வழிவழியாக வரும் உரிமையாகக் கருதப்பட்டது. எனவே ஒரு சொல் கட்டிலிருந்து நீங்குவதையும், மற்றொன்று உரிய பங்கைப் பெறுவதையும் சுட்டுகின்றன. சுதேசி இயக்கத்தில் இவ்விரு பொருள்களும் இணைந்தே செயற்பட்டன.

வட்டாரப் பின்னணி

கரிசல் மண் ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைக்கும் தன்மை உடையது. ஆற்றுப் பாசனம் இல்லாத இப்பகுதியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாகப் பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து முதலியன பயிரிடப்படுகின்றன. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்துக்குச் செல்லும் பருத்தி குறைந்தபோது, திருநெல்வேலிப் பருத்திக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. 1870களில் தூத்துக்குடி வரை தொடர்வண்டிப் பாதை அமைக்கப்பட்டது. கரிசல் காட்டில் விளைந்த பருத்தி ஐரோப்பிய நிறுவனங்களின் ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் சென்றது.

விளைவிப்பவர் உள்ளூரார்; அரைக்கும், நூற்கும், ஏற்றிச் செல்லும் கருவிகளோ பிறர் கையில். இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயரும் ஒருவர். அவர் எட்டயபுரத்தில் நிறுவிய பருத்தி ஆலை நொடித்துப்போனது. வறுமையுற்ற அவர் 1898இல் காலமானார். பிற்காலத்தில் பாரதியார் பொருளியல் அடிமைத்தனத்தைப் பற்றி எழுதியபோது, அதனைத் தம் வீட்டிலேயே கண்டவராக இருந்தார்.

இதே பகுதியில்தான் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் கம்பெனி ஆட்சியை எதிர்த்து, 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அப்போது சிக்கலின் மையமாக இருந்தது வரி தண்டும் உரிமை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் சிக்கல் பருத்தி, நூல், கப்பல், கூலி என்பனவாக விரிந்திருந்தது.

சுதேசிக் கப்பல் நிறுவனம்

1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையைத் தொடர்ந்து நாடெங்கும் சுதேசி இயக்கம் பரவியது. பல இடங்களில் அது அயல்நாட்டுத் துணியைப் புறக்கணிப்பதாக அமைந்தது. தூத்துக்குடியில் அது கடல் வணிகத்தை நோக்கித் திரும்பியது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்தில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம் ஆதிக்கம் செலுத்தி வந்தது.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் முதலீடு 10 இலட்சம் ரூபாய் எனத் திட்டமிடப்பட்டு, தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், வ. உ. சி. துணைச் செயலாளராகவும் இருந்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய் மதிப்புள்ளவற்றை, வாங்கினார்.

முதலில் கப்பல்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. போட்டி நிறுவனத்தின் நெருக்குதலால் அவ்வாடகை ஒப்பந்தம் முறிந்தது. சொந்தக் கப்பல் இல்லாதவரை நிறுவனம் சொந்தமாகாது என்பதை வ. உ. சி. இதனால் உணர்ந்தார். பம்பாய் சென்று முயன்றதன் பயனாக 1907இல் "காலியா", "லாவோ" என்னும் இரு கப்பல்கள் நிறுவனத்திற்குச் சொந்தமாயின.

இதன்பின் நடந்த கட்டணப் போட்டி குறிப்பிடத்தக்கது. பிரித்தானிய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லவும், அவர்களுக்குக் குடை வழங்கவும் முன்வந்ததாக வ. உ. சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். துறைமுகத்தில் நின்ற எளிய பயணி எந்தக் கப்பலிலும் ஏறலாம். அவரைத் தடுப்பார் இல்லை. ஆயினும் இலவசப் பயணத்தை ஏற்றால் சுதேசிக் கப்பல் நின்றுபோகும்; அது நின்றபின் தெரிவு செய்வதற்கு எதுவும் இராது. இலவசத்தை மறுத்துக் கட்டணம் செலுத்துவதே தெரிவைக் காப்பாற்றும் வழியாக இருந்தது. விடுதலைக்குச் சாதாரண மனிதர் அன்றாடம் தரவேண்டிய விலை ஒன்று உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கோரல் ஆலை வேலைநிறுத்தம்

தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்திற்குச் சொந்தமான கோரல் நூற்பாலை இயங்கியது. அதன் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார விடுமுறையும் இல்லை. சிறுவர்களும் வேலை செய்தனர். 1908 பிப்ரவரியில் வ. உ. சி.யும் சிவாவும் தொழிலாளரிடையே தொடர்ந்து உரையாற்றினர். பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு, வார விடுமுறை, விடுப்பு வசதி ஆகியவை கோரிக்கைகள்.

வேலைநிறுத்தம் செய்வோருக்கு உணவளிக்க நகர மக்களிடம் பொருள் திரட்டப்பட்டது. நாவிதர்களும் வண்ணார்களும் ஆலை நிருவாகத்தின் பக்கம் நின்றவர்களுக்குப் பணி செய்ய மறுத்தனர். வ. உ. சி.யைப் பழித்துப் பேசிய ஒருவர் பாதி மழித்த முகத்தோடு எழுந்து செல்ல நேர்ந்ததாக ஒரு செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. களத்துச் "சுதந்திரம்" பெற்றுவந்த அதே தொழிலினர், தம் பணியைத் தர மறுக்கும் உரிமையும் தமக்கு உண்டு என்பதை இதன்வழி நிறுவினர். ஒன்பது நாட்களுக்குப் பின் நிருவாகம் இறங்கிவந்தது. கூலி உயர்த்தப்பட்டது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

சுதேசி முதலீட்டை வளர்த்த ஒரு தலைவரே தொழிலாளர் உரிமைக்காகவும் நின்றது இவ்வியக்கத்தின் தனித்தன்மை ஆகும். நாட்டிற்கு உரிய பங்கைக் கேட்பவர், தொழிலாளிக்கு உரிய பங்கையும் ஏற்கவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து.

1908 எழுச்சி

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் 1908 மார்ச் 9 அன்று சிறையிலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாட அரசு தடை விதித்தது. தடையை மீறியதைத் தொடர்ந்து, மார்ச் 12 அன்று வ. உ. சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெரும் கலகம் மூண்டது. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டன. காவல் துறையினர் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கூலி கேட்கவில்லை. தம் தலைவர்களின் விடுதலையைக் கேட்டனர். பாலகங்காதர திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் இதற்கு நான்கு மாதங்களுக்குப் பின்னரே, 1908 சூலையில் நடந்தது.

1908 சூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, வ. உ. சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை, மொத்தம் 40 ஆண்டுகளாக விதித்தார். மேல்முறையீட்டில் இது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் அவர் கடுங்காவலில் இருந்தார். கோவைச் சிறையில் எண்ணெய்ச் செக்கு இழுக்கவைக்கப்பட்டார். பாரதியார் 1908இல் புதுச்சேரி சென்றார்.

வீழ்ச்சி

தலைவர் சிறையிலும், அரசு எதிர்ப்பக்கத்திலும் இருக்க, கப்பல் நிறுவனம் நலிந்தது. 1911இல் அது கலைக்கப்பட்டு, கப்பல்கள் விற்கப்பட்டன. அதே ஆண்டு சூன் 17 அன்று கோவில்பட்டிக்குத் தெற்கிலுள்ள மணியாச்சி சந்திப்பில் மாவட்ட ஆட்சியர் ஆஷ், செங்கோட்டை வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சிநாதன் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவரிடம் கிடைத்த கடிதம் நாட்டு விடுதலையோடு சனாதன தருமத்தைக் காப்பதையும் நோக்கமாகக் கூறியது. விடுதலை யாருக்கு, எதற்கு என்ற கேள்வியில் இயக்கத்தினரிடையே ஒரே கருத்து இருக்கவில்லை என்பதற்கு இக்கடிதம் சான்றாகும்.

விடுதலையின் எல்லைகள்

அயலாரிடமிருந்து விடுதலை கோரிய சமூகம், தன்னுள்ளே பலருக்கு அதனை மறுத்தது. கரிசல் பகுதியை அடுத்த கமுதியில், நாடார் சமூகத்தினர் கோயிலுக்குள் சென்று வழிபட்டது 1897இல் வழக்காயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தூத்துக்குடியில் எழுச்சி நடந்த அதே ஆண்டில் இத்தீர்ப்பு வந்தது கருதத்தக்கது. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குப் பின்னரே இந்நிலை சட்டப்படி மாறத் தொடங்கியது. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டோரின் நிலை இதனினும் கொடியதாக இருந்தது.

பாரதியார் இந்த முரண்பாட்டைத் தெளிவாகக் கண்டவர். சாதி வேற்றுமை நீங்குவதையும் பெண் விடுதலையையும் நாட்டு விடுதலையிலிருந்து பிரிக்க முடியாதவையாக அவர் எழுத்துகள் முன்வைத்தன.

வ. உ. சி.யின் பிற்காலம்

வ. உ. சி. 1912 திசம்பரில் விடுதலை பெற்றார். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்ததால் சென்னையில் வறுமையில் வாழ்ந்தார். தொழிலாளர் இயக்கத்திலும் ஈடுபட்டார். பின்னர் நீதிபதி வாலசு உதவியால் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்த நன்றிக்கு அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியபின், தூத்துக்குடிக்குச் சென்றார். 1936 நவம்பர் 18 அன்று காலமானார்.

ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மனம் போல வாழ்வு, அகமே புறம் முதலிய பெயர்களில் மொழிபெயர்த்தார். மெய்யறம் என்னும் அறநூலை இயற்றினார். திருக்குறள், தொல்காப்பியம் ஆகியவற்றின் பழைய உரைகளையும் பதிப்பித்தார். தன்னை ஆளத் தெரிவது, பிறர் ஆட்சியிலிருந்து நீங்குவதற்கு அடிப்படை என்னும் எண்ணத்தை அவருடைய அறநூற் பணியில் காணலாம்.

பிற்காலச் சிந்தனைகளுடன் ஒப்பீடு

ஏசாயா பெர்லின் 1958இல் ஆற்றிய உரையில், பிறர் தலையீடு இன்மையை எதிர்மறை விடுதலை என்றும், தன்னைத் தானே ஆளுதலை நேர்மறை விடுதலை என்றும் பிரித்தார். பிலிப் பெட்டிட் 1997இல் வெளியிட்ட நூலில், தலையீடு இல்லாவிடினும் பிறர் விருப்பத்தைச் சார்ந்து வாழ்பவர் விடுதலை பெற்றவர் அல்லர் என்று வாதிட்டார். இலவசக் கப்பல் பயணம் இக்கருத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். அமர்த்தியா சென் 1999இல், மனிதர் தாம் மதிக்கும் வாழ்வை வாழ்வதற்கான ஆற்றலே விடுதலை என்று விளக்கினார். கூலியும் ஓய்வும் கேட்ட கோரல் ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தை இதனோடு ஒப்பிடலாம்.

இவற்றின் துணையோடு நோக்கினால், திருநெல்வேலி நிகழ்வுகள் விடுதலைக்குத் தேவையானவையாகப் பின்வருவனவற்றைக் காட்டுகின்றன:

- பிறரால் பறிக்க இயலாத சொந்தக் கருவிகளும் முதலும்
- உழைப்பவருக்கு உரிய பங்கு
- உடனடி ஆதாயத்தை மறுக்கும் பொதுமக்களின் உறுதி
- தலைவர் இல்லாதபோதும் தொடர்ந்து இயங்கும் அமைப்பு
- தனக்குக் கேட்பதைப் பிறருக்கும் வழங்கும் மனநிலை

முதல் மூன்றும் ஓரளவு கைகூடின. நான்காவது இல்லாமையால் நிறுவனம் நிலைக்கவில்லை. ஐந்தாவது முற்றிலும் நிறைவேறியது என்று இன்றும் கூற இயலாது.

நினைவும் ஆய்வும்

ம. பொ. சிவஞானம் எழுதிய கப்பலோட்டிய தமிழன் என்னும் வரலாற்று நூலும், 1961இல் வெளிவந்த அதே பெயருடைய திரைப்படமும் வ. உ. சி.யைப் பரவலாக அறியச் செய்தன. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் கோபல்லபுரத்து மக்கள் புதினம், விடுதலைப் போராட்டம் கரிசல் சிற்றூர் ஒன்றை வந்தடைந்த விதத்தைச் சித்திரிக்கிறது. இதற்கு 1991இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908 என்னும் ஆய்வுநூல் 2024ஆம் ஆண்டுக்கான அவ்விருதைப் பெற்றது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கியுள்ளது.

இவற்றையும் பார்க்க

- வ. உ. சிதம்பரம்பிள்ளை
- சுப்பிரமணிய பாரதி
- சுப்பிரமணிய சிவா
- கரிசல் மண்
- கோவில்பட்டி