உட்வர்டு நெடுந்தெருவில் மோட்டார் உலா

தெய்வமோ அரசனோ அலங்கரித்த ஊர்தியில் ஏறி வீதியில் வலம்வர, இருமருங்கும் மக்கள் நின்று காண்பதை நம் முன்னோர் உலா என்றனர். அதற்கென ஒரு சிற்றிலக்கிய வகையையும் வகுத்தனர். ஆங்கிலத்தில் 'குரூஸ்' என வழங்கும் சொல்லுக்குத் தமிழ் தேடியபோது எமக்கு முதலில் தோன்றியது இச்சொல்லே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இத்துணைப் பொருத்தமான சொல் அகப்படுவது அரிது. ஆயினும் நாம் இங்கே சொல்லப்புகும் உலாவில் வலம்வருவது ஊர்தி மட்டுமே. அதனுள் அமர்ந்திருப்பவரை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்து, ஆகஸ்டு மாதத்து மூன்றாவது சனிக்கிழமைதோறும் இவ்வுலா நடைபெறுகிறது. ஃபெர்ண்டேல் என்னும் சிற்றூரிலிருந்து போண்டியாக் நகர்வரை 16 மைல் தூரம். பழைய மோட்டார் வண்டிகள் நாற்பதினாயிரம் வருவதாகவும், காண்போர் பத்து இலட்சத்தை எட்டுவதாகவும் நடத்துவோர் கணக்கிடுகின்றனர். அங்கே அம்மாதத்தில் இரவு எட்டு மணிக்குப் பின்னரே கதிரவன் மறைகிறான். நீண்ட அந்த மாலையில் மக்கள் மடக்கு நாற்காலிகளைச் சாலையோரப் புல்தரையில் இட்டு அமர்ந்திருக்க, 1957ஆம் ஆண்டுச் செவர்லேயும், 1959ஆம் ஆண்டுக் காடிலாக்கும், 1964இல் பிறந்த மஸ்டாங்கும் நத்தை வேகத்தில் ஊர்ந்து செல்லும். வேகமாகச் செல்வதற்கென்றே செய்த யந்திரங்கள் நெரிசலிற் சூடேறி, ஆங்காங்கே ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து நீராவி கக்கி நிற்பதும் உண்டு.

இதற்கு உட்வர்டு நெடுந்தெருவே இடமானது தற்செயல் அன்று. 1805இல் டெட்ராய்ட் ஊர் முழுதும் தீக்கிரையாயிற்று. அதனை மீண்டும் அமைக்கத் திட்டம் வகுத்தவர் அகஸ்டஸ் உட்வர்டு என்னும் நீதிபதி. தம் பெயரையே பெருந்தெருவுக்குச் சூட்டிக்கொண்டாரே என்று பிறர் குறைகூறியபோது, தெரு காட்டை நோக்கிச் செல்வதால் அப்பெயர் வந்தது என்று சிலேடையாகச் சொல்லித் தப்பினாராம். ஆங்கிலத்தில் அப்பெயருக்கு அப்படியும் பொருள் கொள்ளலாம். 1909இல் இத்தெருவின் ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் தளம் இட்டனர். நெடுஞ்சாலைக்குக் கான்கிரீட் தாங்குமா என்று பார்க்கத் தொலைவூர்களிலிருந்தும் பொறியாளர் வந்தனர்.

அம்மைலுக்குச் சற்றுத் தெற்கே ஹைலண்டு பார்க்கில் 1910இல் ஹென்றி ஃபோர்டின் ஆலை எழுந்தது. 1913இல் அங்கே நகரும் பூட்டுவரிசை ஏற்பட்டது. ஆள் நடந்துசென்று வண்டியைப் பூட்டுவது போய், வண்டியே ஆளிடம் நகர்ந்து வரலாயிற்று. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை, மறு ஆண்டில் 93 நிமிடத்தில் முடிந்தது. முதலாளிக்கு ஆதாயம், தொழிலாளிக்கோ நாள்முழுதும் ஒரே திருகாணி. 1913இல் ஆலையை விட்டு விலகியோர் தொகை மொத்த ஆட்தொகையைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் என்றால், அவ்வேலையின் சலிப்பு எத்தகையது என்று ஊகிக்கலாம். 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்று ஃபோர்டு அறிவித்தார். அதனை வள்ளன்மை என்று புகழ்வோர் உளர். விலகி ஓடுவோரைக் கட்டிவைக்கும் கயிறு என்பதே எமது கருத்து. எனினும் அது நல்ல கயிறுதான். உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அதைத் தேடி வந்தனர்.

அப்படி வந்தவர்களுள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு வெளியேறிய கறுப்பின மக்களும் இருந்தனர். 1910இல் டெட்ராய்ட்டில் அவர்கள் தொகை 5,741. பத்தே ஆண்டில் அது 40,838 ஆயிற்று.

அமெரிக்க வண்டிகள் நம் நாட்டிற்கும் வந்தன. 1928இல் பம்பாய்ச் சிவ்ரியில் செவர்லே வண்டிகளைப் பூட்டும் ஆலை திறக்கப்பட்டு, 1954இல் மூடப்பட்டது. பின்னர்க் குர்லாவிலும் டாட்ஜ், ப்ளிமத் வண்டிகள் பூட்டப்பட்டன. அந்நகரில் வாழ்ந்த நம்மவருள் மூத்தோர், அகன்ற அவ்வண்டிகளைக் கண்டிருப்பர்.

போர் முடிந்த பின் டெட்ராய்ட்டின் பொற்காலம் பிறந்தது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகர மக்கள்தொகை 18,49,568. ஹார்லி எர்ல் என்னும் வடிவமைப்பாளரின் தலைமையில், போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948இல் காடிலாக்கிற்கு வால்துடுப்பு வைத்தனர். பயன் ஏதுமில்லாத அவ்வால் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, 1959இல் உச்சிக்கு ஏறி, பின் தேய்ந்தது. கோடை மாலைகளில் வாலிபர்கள் தந்தையின் வண்டியையோ, தாமே முடுக்கிவிட்ட பழைய வண்டியையோ ஓட்டிக்கொண்டு உட்வர்டு தெருவில், வண்டியில் இருந்தபடியே உண்ணும் விடுதிகளுக்கிடையே வலம்வந்தனர். நடுவே புல்திட்டும், இடையிடையே திரும்பும் வழிகளும் கொண்ட எட்டுத் தட அகலச் சாலை. ஆதலால் பெட்ரோல் தீரும்வரை சுற்றலாம். சிவப்பு விளக்கில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து நின்றுவிட்டால் பச்சை விளக்கில் பந்தயந்தான். 1973இன் எண்ணெய் நெருக்கடி அவ்விளையாட்டை ஏறக்குறைய முடித்துவைத்தது.

1995இல் ஃபெர்ண்டேல்வாசிகள் சிலர், குழந்தைகளின் கால்பந்தாட்டத் திடலுக்கு நிதி திரட்ட எண்ணி, அப்பழைய மாலைகளை ஒருநாள் மீண்டும் நிகழ்த்திப் பார்த்தனர். சில பதினாயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில் இரண்டரை இலட்சம் பேர் வந்து குவிந்தனர். தொற்றுநோயினால் 2020இல் நின்றது தவிர, ஆண்டுதோறும் நடந்துவருகிறது.

ஃபெர்ண்டேலின் தெற்கெல்லை 'எட்டாவது மைல் சாலை'. அதற்குத் தெற்கே டெட்ராய்ட் நகரம், வடக்கே புறநகர்கள். அச்சாலைக்கு அருகே 1941இல் ஆறடி உயரச் சுவர் ஒன்று அரை மைல் நீளத்துக்கு எழுப்பப்பட்டது. கறுப்பர் குடியிருப்புக்கு அருகே வெள்ளையருக்கு வீடு கட்ட முற்பட்டவருக்கு, இரண்டையும் பிரிக்கும் தடுப்பு இல்லாமல் அரசின் கடன் உத்தரவாதம் கிட்டவில்லை. அதற்காகவே சுவர் எழுந்தது. மோட்டார் ஆலையில் வியர்வை சிந்தியவன், மோட்டார் செல்லும் சாலைக்கு அப்பால் வீடு வாங்க இயலாதிருந்தான்.

பிழைப்பு நாடி மாநிலம் கடந்து வந்து வாழும் நம்மில் பலர், வாடகைக்கு வீடு தேடிச் சென்று, ஊர் எது, உணவு எது என்று வினவப்பட்டுத் திரும்பியவர்களே. எமக்கும் அவ்வனுபவம் உண்டு. அதுவும் இதுவும் ஒன்றென்று கூறமாட்டோம். நம் எதிரே எவரும் அரசின் ஆதரவோடு சுவர் எழுப்பவில்லை. ஆயினும் அச்சுவரைப் பற்றிப் படித்தபோது, கதவு சாத்தப்படும் ஓசை எமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

1967 ஜூலைக் கலவரத்தில் டெட்ராய்ட்டில் 43 பேர் மாண்டனர். அதற்கு முன்பே புறநகர்களுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்த வெள்ளையர் அதன்பின் விரைந்து வெளியேறினர். ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. 2013இல் நகராட்சி கடன் தீர்க்க வகையற்று நொடித்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6,39,111. உலாவில் எவரும் கலந்துகொள்ளலாம். நிறம் பார்த்து யாரையும் தடுப்பதில்லை. கறுப்பர் பலரும் தம் வண்டிகளைத் துடைத்துப் பளபளக்கச் செய்து வருகின்றனர். குரோமியப் பூச்சு மின்னும் பழைய வண்டியைக் கண்டு முதியவர் ஒருவர், இதன் கதவைப் பொருத்தியவன் நான் என்று சொல்லக் கேட்பது எத்துணை இன்பமாயிருக்கும்! அவ்வின்பத்தைக் குறைத்துப் பேச எமக்கு மனமில்லை. ஆனால் பொற்காலம் என்று அவர்கள் வலம்வந்து கொண்டாடும் ஆண்டுகள், சுவருக்கு எப்பக்கம் வாழ்ந்தவர்க்குப் பொற்காலமாயிருந்தன என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

அச்சுவர் இன்னும் நிற்கிறது. 2006இல் அப்பகுதி மக்கள் கூடி அதன் ஒரு பகுதியில் வண்ணச் சித்திரங்கள் தீட்டினர். ஹைலண்டு பார்க் ஊரார் மின்கட்டணக் கடனைத் தீர்க்க இயலாமையால், 2011இல் அவர்களுடைய தெருவிளக்குகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கம்பங்களோடு அகற்றப்பட்டன. நகரும் பூட்டுவரிசை பிறந்த ஆலையின் கட்டடங்கள் சில அவ்வூரில் உட்வர்டு தெருவிலேயே நிற்கின்றன. உலா அவ்வழி வருவதில்லை. அதற்கு ஏறக்குறைய மூன்று மைல் வடக்கே தொடங்கி, வடக்கு நோக்கியே செல்கிறது.