பிஸ்மத் ஃபெரைட்: ஒரு வியப்பும் ஓர் ஐயமும்

மின்முனைவு ஒழுங்கும் காந்த ஒழுங்கும் ஒரே படிகத்தில் உடனுறையும் பொருள்களுக்கு 'மல்டிஃபெரோயிக்' என்னும் பெயரை 1994இல் வழங்கியவர் ஹான்ஸ் ஷ்மிட். அவ்விரண்டையும் அறை வெப்பநிலையிலேயே தாங்குவது பிஸ்மத் ஃபெரைட். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராமமூர்த்தி ரமேஷின் குழு, அதன் மென்படலத்தில் வலுவான மின்முனைவையும் காந்தத்தையும் கண்டதாக 2003இல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. துறை புத்துயிர் பெற்றது. ஆனால், 2005இல் அதே இதழில் வெளிவந்த மறுப்பு அக்காந்த மிகுதியை ஐயுற்றது.

அவ்வையம் இன்றைய நானோத்துகள் ஆய்வுக்கும் பொருந்தும். தூய பிஸ்மத் ஃபெரைட்டில் அணுக்காந்தங்கள் ஏறத்தாழ 62 நானோமீட்டர் அலைநீளச் சுழலாய் அமைந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. துகள் அதனினும் சிறுத்தாலோ, பிஸ்மத்தின் இடத்தில் லாந்தனம் புகுந்தாலோ, சுழல் குலைந்து மெல்லிய காந்தம் தலைகாட்டலாம். சூளையில் பிஸ்மத் ஆவியாகிப் போக, எஞ்சும் இரும்பு ஆக்சைடும் அதே வளைகோட்டை வரையவல்லது. ஒளி உட்கவர்தலைக் கொண்டு கணிக்கும் ஆற்றல் இடைவெளியையும் அம்மாசு பிறழச் செய்யலாம். எக்ஸ் கதிர்ச் சிதறலோ மிகச் சிறிய மாசைக் காட்டாது விடக்கூடும்.

ஆதலின், "பதிலீட்டால் காந்தம் கூடியது" என்று எழுதுமுன், கூடியது எதன் காந்தம் என்று கேட்பதே முறை.