தொட்டிக்குள் ஒரு சூரியன்

சேலையூரில் என் வீட்டு முன்னறையில் இரண்டடி நீள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. கொள்ளளவு ஏறத்தாழ 54 லிட்டர். மீன்களைக் காட்டிலும் செடிகளுக்காகவே வைத்தது. பல ஆண்டுகள் அதன்மேல் எரிந்துவந்த குழல்விளக்கை அகற்றிவிட்டு, சென்ற ஆண்டு எல்.இ.டி. விளக்கொன்றைப் பொருத்தினேன். செடிகள் செழிக்கும் என்றிருந்தேன். மூன்றாம் வாரம் கண்ணாடியெங்கும் பாசி படர்ந்து, உள்ளே மீன் இருப்பதே தெரியாமற்போயிற்று. எங்கே பிழை என்று தேடியபோதுதான், இந்தச் சிறிய தொட்டிக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

அதன் தொடக்கம் நம் எல்லோருக்கும் அறிமுகமானதே. பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரில்லாவைப் புனலால் மூடி, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து, வெயிலில் வைத்துக் குமிழ்களைப் பார்த்திருக்கிறோம். நீரில் மூழ்கிய இலைகளிலிருந்து வெயிலில் மட்டுமே அந்த உயிர்க்காற்று எழுகிறது, இருளில் இல்லை என்று 1779இல் எழுதியவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர்.

எழுபது ஆண்டுகள் கழித்து லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் அதைத் தொட்டிக்குள் கொண்டுவந்தார். பன்னிரண்டு காலன் நீர், இரண்டு பொன்மீன்கள், ஒரு வாலிஸ்னேரியாச் செடி. அளவில் என் தொட்டிக்குச் சமமானது! இலைகள் அழுகி நீர் கலங்கியது. நத்தைகளை விட்டதும் தெளிந்தது. 1850இல் அவர் வெளியிட்ட முடிவு, செடி, மீன், நத்தை மூன்றுக்கும் இடையே ஒரு கணக்கு உண்டு என்பதுதான். வாரிங்டன் செலவில்லாமல் பெற்ற சூரிய ஒளியும் அந்தக் கணக்கில் ஒரு பங்கு.

சென்னைக்கும் இதில் இடமுண்டு. 1909இல் மெரினா கடற்கரையில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. பின்னாளில் அருங்காட்சியகக் கண்காணிப்பாளரான ஜே.ஆர். ஹெண்டர்சன் அதற்கு முன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர். அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ், சென்னைச் சுற்றுவட்டாரத் தாவரங்களைப் பற்றி மயூரநாதன் 1929இல் எழுதிய நூலுக்கு 1938இல் ஓர் இணைப்பு எழுதினார்.

அதே 1938இல்தான் அமெரிக்கச் சந்தைக்குக் குழல்விளக்கு வந்தது. அதுவரை குண்டுவிளக்குகள் தந்த வெளிச்சத்தைவிட வெப்பமே அதிகம்; சிறு தொட்டியில் நீர் சூடேறிவிடும். குழல்விளக்கு அந்தத் தொல்லையைக் குறைத்தது. ஆனால் எல்லா நிற ஒளியும் செடிக்கு ஒன்றல்ல. முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை ஓர் இழைப்பாசியின்மேல் வீழ்த்திய ஜெர்மானியர் எங்கல்மான், உயிர்வளி நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் குவிவதை 1882இலேயே கண்டிருந்தார். பிரகாசமான நீல எல்.இ.டி. 1990களில்தான் கைகூடியது. அதற்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஹிரோஷி அமானோ. நீர்ச்செடித் தொட்டியைத் தோட்டக்கலையாக உயர்த்திய தகாஷி அமானோவும் ஜப்பானியரே. பெயர் ஒற்றுமை தற்செயல்தான். எனினும் இன்று என் தொட்டியில் இருவரும் சந்திக்கிறார்கள்.

என் பிழைக்கு வருகிறேன். ஒளியைக் கூட்டிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருந்தேன். மீன்தீனியிலிருந்து நீரில் கரைந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும், மெதுவாக வளரும் செடிகள் எடுத்துக்கொள்ளும் முன்பே, மிகுந்த வெளிச்சத்தில் பாசி எடுத்துக்கொண்டது. விளக்கை ஒரு சாண் உயர்த்தினேன். பத்து மணி நேரத்தை ஆறாக்கினேன். தீனியைக் குறைத்து, வாரந்தோறும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றினேன். விரைந்து வளரும் ஹைட்ரில்லாவையும் நட்டேன். இரண்டு மாதத்தில் கண்ணாடி தெளிந்தது.

இதை எழுதத் தூண்டியது தொட்டி மட்டுமன்று. மாலை நடையில் நான் கடக்கும் சேலையூர் ஏரியும், அப்பால் சிட்லபாக்கம் ஏரியும் வயல்களுக்கு நீர் தந்தவை. வயல்கள் மனைகளாயின. இந்தப் புறநகர் ஏரிகள் பலவற்றில் மழைநீரோடு கழிவுநீரும் கலந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நகரின் கழிவைச் சுமந்து சுருங்கிய நிலம் அது. என் தொட்டியில் உணவு மாறவில்லை, ஒளி கூடியது. ஏரியில் சூரியன் மாறவில்லை, உணவு கூடியது. முடிவு இரண்டிலும் ஒன்றே. நீர்ப்பரப்பைப் பாசியும் ஆகாயத்தாமரையும் மூட, அடியில் கிடக்கும் செடிகளுக்கு வெளிச்சம் எட்டுவதில்லை.

மூதுரையில் ஔவையார் உறவுக்கு உவமையாக வைத்த கொட்டியும் ஆம்பலும் இத்தகைய நீர்நிலைகளின் செடிகள்தாம். கொட்டியின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றை நான் கடையில் விலைகொடுத்து வாங்கித் தொட்டியில் நட்டிருக்கிறேன். தினமும் ஆறு மணி நேரம் அதற்கு மின்சாரச் சூரியன் எரிகிறது. விளக்கை அணைக்கும்போதெல்லாம், இது தன் ஊரிலேயே அகதியாக வாழும் செடி என்று தோன்றுகிறது.