நீரிழிவு நோயாளியின் காலுறைகள்: துவைத்தல், உலர்த்தல், கவனித்தல்

நீரிழிவு நோய் பல ஆண்டுகள் நீடிக்கும்போது பாதங்களிலுள்ள உணர்வு நரம்புகள் படிப்படியாகப் பாதிக்கப்படுகின்றன. சூடு, குத்தல், உராய்வு ஆகியவற்றை மூளைக்குத் தெரிவிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. காலணிக்குள் விழுந்த சிறு கல் நாள் முழுவதும் உறுத்தினாலும் நோயாளி அதை அறிவதில்லை. கொப்புளம் உடைந்து புண்ணாகி, அதில் கிருமித்தொற்று ஏற்பட்டு, எலும்பு வரை பரவிய பின்னரே மருத்துவமனைக்கு வருவோர் பலர். விரலையோ பாதத்தையோ அகற்ற நேரும் பல நிகழ்வுகள் இத்தகைய வலியில்லாச் சிறு புண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

உங்களுக்கோ, உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ பாதங்களில் மரத்துப்போகும் உணர்வு இருந்தால், தினமும் துவைக்கப் போடும் காலுறையை முதலில் உற்றுப் பாருங்கள். பாதம் சொல்லாத செய்தியைப் பல நேரங்களில் காலுறை சொல்லிவிடும்.

துவைப்பதற்கு முன் பாருங்கள்

காலுறையைக் கழற்றியவுடன் உட்புறம் வெளியே வருமாறு திருப்புங்கள். வெளிச்சத்தில் வைத்து, குதிகால், விரல் நுனி, பெருவிரலின் அடிப்பகுதி, சிறுவிரலின் ஓரம் ஆகிய இடங்களைக் கவனியுங்கள். இரத்தக் கறை, மஞ்சள் நிற ஈரம், சீழின் வாடை ஆகியவற்றில் எது தென்பட்டாலும், அதே இடத்தில் பாதத்தில் புண் உள்ளதா என்று உடனே பார்க்க வேண்டும். பார்வைக் குறைவு உள்ளவர்கள் கைவிரல்களால் துணியைத் தடவிப் பார்க்கலாம். கசிந்த நீர் உலர்ந்த இடம் கஞ்சி போட்ட துணியைப் போல் விறைப்பாக இருக்கும். கைகளிலும் உணர்வு குறைந்திருந்தால் இதை வீட்டிலுள்ள மற்றொருவர் செய்வதே நல்லது.

இந்தக் காரணத்தினாலேயே நீரிழிவு நோயாளிகளுக்கு வெள்ளை அல்லது வெளிர்நிறக் காலுறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. காவலர், ஓட்டுநர், பாதுகாவலர் போன்ற பணிகளில் சீருடையின் பகுதியாகக் கருப்பு அல்லது காக்கிக் காலுறை கட்டாயமாக இருக்கக்கூடும். அவ்வாறாயின், ஈரமாக்கிய வெள்ளைத் துணியைக் காலுறையின் உட்புறத்தில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். கருப்புத் துணியில் மறைந்திருக்கும் கறை வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். வீடு திரும்பிய பின் வெளிர்நிறக் காலுறைக்கு மாறிக்கொள்வதும் நன்று.

கறையைக் கண்ட பின் அதைத் துவைத்துவிட்டு மறந்துவிடுவது பெருந்தவறு. கறை படிந்த காலுறையை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டலாம். அதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை. கசிவு எந்த இடத்தில், எவ்வளவு உள்ளது என்பதை அது அவர்களுக்கு உணர்த்தும்.

காலுறையை ஏன் தினமும் மாற்ற வேண்டும்?

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக அடர்த்தியாக உள்ளன. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு மணம் மிகக் குறைவு. தோலிலுள்ள பாக்டீரியாக்கள் வியர்வையையும் உதிர்ந்த தோலையும் சிதைப்பதால்தான் துர்நாற்றம் எழுகிறது. ஈரமும் வெப்பமும் மூடிய காலணிக்குள் சேரும்போது பூஞ்சைகளும் பெருகுகின்றன. விரலிடுக்குகளில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்து அரிக்கும் சேற்றுப்புண் இவ்வாறே தோன்றுகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு இது தொல்லை மட்டுமே. நீரிழிவு உள்ளவருக்கோ, அந்த வெடிப்பு பாக்டீரியாக்கள் உள்ளே நுழையும் வாயிலாகிவிடும்.

நரம்பு பாதிப்பு முற்றியவர்களுக்குப் பாதத்தில் வியர்வையே குறைந்துவிடுவதுண்டு. தோல் வறண்டு குதிகாலில் பித்தவெடிப்பு ஏற்படும். “எனக்கு வியர்ப்பதில்லை, காலுறை நாறுவதுமில்லை, ஆகவே நேற்றையதையே அணியலாம்” என்று எண்ண வேண்டாம். நாற்றமில்லாத காலுறையிலும் உதிர்ந்த தோல் துகள்கள் இருக்கும். அத்துகள்களில் பூஞ்சை பல மாதங்கள் உயிருடன் தங்கியிருக்க வல்லது.

துவைக்கும் முறை

தொற்று எதுவும் இல்லாதபோது சாதாரண நீரும் சலவைத்தூளும் போதுமானவை. உட்புறம் வெளியே திருப்பிய நிலையிலேயே துவைக்க வேண்டும். அழுக்கும் தோல் துகள்களும் அப்பக்கத்தில்தான் உள்ளன. சலவைத்தூளின் நுரை முற்றிலும் நீங்கும்வரை இருமுறையேனும் அலசுங்கள். எஞ்சிய சலவைத்தூள் வியர்வையில் கரைந்து தோலில் எரிச்சலை உண்டாக்கும். துணியை மென்மையாக்கும் திரவங்களைக் காலுறைகளுக்குத் தவிர்க்கலாம். அவை நூலின்மீது படலமாகப் படிந்து, வியர்வையை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கின்றன.

சேற்றுப்புண்ணோ நகப்பூஞ்சையோ உள்ளபோது முறை மாறுகிறது. குளிர்ந்த நீரிலோ 30 டிகிரி வெப்பநிலையிலோ துவைத்தால் பூஞ்சை அழிவதில்லை. அதே நீரில் ஊறும் மற்ற துணிகளுக்கும் அது பரவக்கூடும். 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைக்கும்போது அது அழிகிறது. சலவை இயந்திரத்தில் இந்த வெப்பநிலைக்கான தேர்வு இருந்தால் பயன்படுத்துங்கள். கையால் துவைப்பவர்கள் வாளியில் முதலில் ஒரு பங்கு குழாய் நீரை ஊற்றி, பின்னர் ஒரு பங்கு கொதிநீரைச் சேர்த்தால் ஏறத்தாழ இந்த வெப்பம் கிடைக்கும். சலவைத்தூளுடன் காலுறைகளை அதில் அமிழ்த்தி, வாளியை மூடி அரை மணி நேரம் வையுங்கள். கிளறுவதற்குக் குச்சியைப் பயன்படுத்துங்கள். நீர் ஆறிய பின்னரே கையை விட வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. உணர்வு குறைந்த நோயாளி கொதிநீரைத் தாமே கையாளக் கூடாது. நீரின் சூட்டைக் காலால் சோதிப்பது, மீந்த வெந்நீரில் பாதங்களை ஊறவைப்பது ஆகிய இரண்டும் கடுமையான தீக்காயத்தில் முடிந்ததுண்டு.

இரத்தமோ சீழோ படிந்த பகுதியை முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டுப் பின்னர் வெந்நீரில் இடுங்கள். நேரடியாக வெந்நீரில் இட்டால் கறை துணியில் நிலைத்துவிடும். பின்னர் தோன்றும் புதிய கறையைப் பழைய கறையிலிருந்து பிரித்தறிய இயலாமல் போகும். தொற்றுள்ளவரின் காலுறைகளைக் குடும்பத்தினரின் உள்ளாடை, துண்டு ஆகியவற்றுடன் சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.

உலர்த்துதல்

துவைப்பதைக் காட்டிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது உலர்த்துதல்தான். ஈரம் மீதமுள்ள காலுறையை அணிவதைவிட அன்று காலுறையின்றி, பாதத்தை மூடிய காற்றோட்டமான காலணியை அணிவது மேல் (வெறுங்காலில் நடப்பது எந்நாளும் கூடாது). உட்புறம் வெளியே இருக்குமாறு, விரல் பகுதி கீழ்நோக்கித் தொங்க, நேரடி வெயிலில் உலர்த்துங்கள். வெயிலின் வெப்பமும் புற ஊதாக் கதிர்களும் எஞ்சிய பூஞ்சையைக் குறைக்க உதவும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலை நம்ப இயலாது. வீட்டினுள் கொடி கட்டி மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, இறுதியில் உட்புறத்தில் இஸ்திரி போடலாம். மழைக்காலத்தில் ஒரு காலுறை உலர இரண்டு நாட்கள் ஆகக்கூடும் என்பதால், குறைந்தது நான்கு இணைகளேனும் கைவசம் இருப்பது நடைமுறைக்கு உகந்தது. மழைநீரில் நனைந்துவிட்டால் அலுவலகத்திலேயே மாற்றிக்கொள்ள ஓர் இணையைப் பையில் வைத்திருங்கள்.

காலணியையும் மறந்துவிடலாகாது. காலுறையைச் சுத்தமாகத் துவைத்து, ஈரமும் பூஞ்சையும் நிறைந்த பழைய ஷூவுக்குள் நுழைத்தால் தொற்று மீண்டும் வரும். இயலுமாயின் இரண்டு இணைக் காலணிகளை மாற்றி மாற்றி அணியுங்கள். அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல், ஆணி, மடிந்த உள்தகடு ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள்.

எத்தகைய காலுறை?

பருத்தி மிகுந்த, தடித்த தையல் இல்லாத காலுறை ஏற்றது. விரல் பகுதியில் தையல் தடிப்பாக இருந்தால், உட்புறம் வெளியே இருக்குமாறு அணிந்துகொள்ளலாம். தோற்றம் சற்றுக் குறைந்தாலும் விரல் காக்கப்படும். மேல்விளிம்பின் எலாஸ்டிக் பட்டை காலில் ஆழமான தடம் பதிக்குமானால் அது இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். பெரிய அளவுக் காலுறை மடிப்பு விழுந்து உராயும். கிழிந்த காலுறையைத் தைத்து அணிவது சிக்கனம்தான். ஆயினும் தைத்த முடிச்சு உணர்வற்ற பாதத்திற்குக் காலணிக்குள் விழுந்த கல்லுக்கு ஒப்பானது. கிழிந்தவற்றைத் துடைக்கும் துணியாக்கிவிடுங்கள்.

கால்வீக்கம், சுருள் சிரை நோய், யானைக்கால் நோய் ஆகியவற்றுக்கு வழங்கப்படும் அழுத்தக் காலுறைகளுக்கு மேற்கூறிய வெந்நீர் முறை பொருந்தாது. வெப்பம் அவற்றின் மீள்தன்மையைக் கெடுக்கும். வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கையால் துவைத்து, முறுக்காமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பாதத்தில் இரத்த ஓட்டம் குறைந்த நீரிழிவு நோயாளி, மருத்துவரின் பரிசோதனையின்றி இவற்றைத் தாமாக வாங்கி அணிவது ஆபத்தானது.

அணியுமுன் பாதம்

பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை மென்மையான துணியால் ஒற்றித் துடைத்து முழுமையாக உலரவிட்ட பின்னரே காலுறை அணியுங்கள். வறண்ட குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். விரலிடுக்குகளில் தடவக் கூடாது. உள்ளங்காலைக் கண்ணாடியின் உதவியால் தினமும் பாருங்கள். சேற்றுப்புண் உள்ளவர்கள் உள்ளாடைக்கு முன்பே காலுறையை அணிந்துவிட்டால், பாதத்துப் பூஞ்சை உள்ளாடை வழியே தொடையிடுக்கிற்குப் பரவுவது தடுக்கப்படும். இரவில் பாதம் குளிர்ந்தால் வெந்நீர்ப் பையை வைக்காமல், தளர்வான சுத்தமான காலுறையை அணிந்து உறங்குங்கள்.

அரிப்புக்கு மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. அரிப்பு தற்காலிகமாகத் தணியும். பூஞ்சையோ மேலும் பரவும். மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை, அறிகுறிகள் மறைந்த பின்னரும் அவர் சொன்ன காலம் வரை தடவ வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

காலுறையில் இரத்தமோ சீழோ தென்படுதல், பாதத்தில் புதிய புண், கொப்புளம், ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருத்தல், விரல் கருத்துப்போதல், புண்ணுடன் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வருதல். இவற்றில் ஒன்று இருந்தாலும், வலி இல்லாவிடினும், அன்றைய தினமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். கருத்த விரலோ காய்ச்சலோ உள்ளவர்கள் தொலைபேசி ஆலோசனைக்காகக் காத்திராமல் நேரடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். செல்லும்போது அணிந்திருந்த காலுறையையும் காலணியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.